விருப்ப மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு, மலையிலிருந்து ஒரு மடல்

உதகை, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் நகர்மன்றங்களுக்கு அடுத்த தேர்தலில் சீட்டு கேட்டு விருப்ப மனு கொடுக்கப் போகிற அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கும், அந்த மனுக்களை வாங்கி யாருக்குச் சீட்டு என்று முடிவு செய்யப் போகிற எல்லாக் கட்சிகளின் நகரச் செயலாளர்கள், மாவட்டச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

உதகையில் 36, குன்னூரில் 30, கூடலூரிலும் நெல்லியாளத்திலும் தலா 21, ஆக 108 வார்டுகள். 2022 மார்ச்சில் பதவி ஏற்ற இந்த மன்றங்களின் ஐந்து வருடம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் சரி, அதில் ஜெயிக்கும் 108 பேரில் சிலர் நகர்மன்றத் தலைவர் ஆவார்கள், ஓரிருவர் பிறகு எம்.எல்.ஏ. ஆவார்கள், காலம் கூடி வந்தால் ஒருவர் அமைச்சரும் ஆவார். இந்த மாவட்டத்துக்கு இருப்பதே மூன்று சட்டமன்றத் தொகுதிகள். 234 பேர் உட்காரும் சபையில் எங்களுக்காகப் பேச மூன்று பேர். அந்த மூன்று பேர் எங்கே தொழில் கற்றுக்கொண்டு போகிறார்கள் என்பது எங்களுக்கு ரொம்பப் பெரிய விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

மேலே போக ஆசைப்படுவதில் தப்பே இல்லை. போங்கள். ஆனால் வார்டில் என்ன செய்தோம் என்ற கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், கட்சிகளும் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே அனுப்புங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இப்போது நடப்பது என்னவென்றால், தலைவர் பிறந்தநாளுக்கு எத்தனை பேனர் வைத்தார், மாநாட்டுக்கு எத்தனை வண்டியில் ஆள் கூட்டிப் போனார், எவ்வளவு செலவு செய்வார் என்பதைப் பார்த்துத்தான் ஒரு கவுன்சிலருக்கு அடுத்த படி கிடைக்கிறது. ஐந்து வருடத்தில் மன்றக் கூட்டத்தில் ஒரு முறையாவது எழுந்து நின்று பேசினாரா என்று எந்த நேர்காணலிலும் யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மலையில் கவுன்சிலர் வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல ஒரு தடுப்புச் சுவரின் கதை போதும். இங்கே ஒரு வீட்டு வாசல் இன்னொரு வீட்டுக் கூரைக்குச் சமமாக இருக்கும், நடுவில் போவது ஸ்டிரெச்சரைத் திருப்பக்கூட இடமில்லாத படிக்கட்டுப் பாதை, அதற்கு மேல் மண், அந்த மண்ணைத் தாங்கி நிற்பது ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற, இடைவெளி விட்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் செருகி, பின்பக்கம் ஜல்லி நிரப்ப வேண்டும். எங்கள் வார்டில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) கட்டிய ஒரு சுவரில் குழாய்கள் எல்லாம் வெளியே வரிசையாகத் தெரிந்தன, உள்ளே பாதிக் குழாய்கள் சிமெண்டால் அடைபட்டிருந்தன. ஐப்பசி மழை வந்ததும் சுவர் நடுவில் புடைத்துக்கொண்டது, கீழே இருந்த இரண்டு குடும்பங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ப் படுத்தன. அந்தச் சுவரில் பதித்த கல்வெட்டில் கவுன்சிலர் பெயர் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

பக்கத்து வார்டில் முன்பு ஒரு கவுன்சிலர் அக்கா இருந்தார், டீத்தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சுவர் வேலை நடக்கும்போதே ஒரு நீளக் குச்சியோடு வந்து ஒவ்வொரு குழாயிலும் விட்டுப் பார்ப்பார். குச்சி முட்டினால் அங்கேயே நின்றபடி இன்ஜினீயருக்குப் போன் போடுவார், அவர் வந்து பார்க்கும்வரை நகர மாட்டார். அவர் காலத்தில் கட்டிய சுவர்கள் இன்றைக்கும் நிற்கின்றன. ஆனால் இட ஒதுக்கீட்டின் அடுத்த சுழற்சியில் அந்த வார்டு பொது வார்டாக மாறியது, பொது என்றாலே ஆண்களுக்கு என்று கட்சி நினைத்துக்கொண்டது, அக்காவுக்குச் சீட்டு இல்லை. சட்டம் அவர் நிற்பதைத் தடுக்கவில்லை, கட்சிதான் தடுத்தது. அவரைப் போன்ற ஒருவர் நகர்மன்றத் தலைவராகி, பிறகு சட்டமன்றத்துக்கும் போயிருந்தால் மலைச்சரிவைப் பற்றி அங்கே என்ன பேசியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அந்த நினைப்பில் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

2009 நவம்பரில் ஒரு சில நாள் மழையில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் செத்துப்போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த 2019 மழை வந்த நேரத்தில் தமிழ்நாட்டின் எந்த நகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூடப் பதவியில் இல்லை, இதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்? 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. நடக்க இருந்த தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அப்புறம் வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று இழுத்துக்கொண்டே போய், 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. கொரோனாவும் அதற்குள்தான் வந்தது. அதிகாரிகளில் நல்லவர்கள் இருந்தார்கள், ராத்திரி பகலாக வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் எந்தப் படிக்கட்டில் நடக்க முடியாத பாட்டி தனியாக இருக்கிறார், எந்தத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால் மண் ஈரமாகிக் கிடக்கிறது என்பதெல்லாம் அங்கேயே குடியிருக்கிற, ஓட்டு கேட்டு எல்லா வாசலிலும் ஏறி இறங்கிய ஆளுக்குத்தான் தெரியும். கவுன்சிலர் இல்லாத காலத்தை வாழ்ந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கவுன்சிலர் பதவி சின்னப் பதவி என்று நினைக்கிறவர்களுக்காகச் சில பழைய பெயர்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1920இல் சென்னை மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி ஜெயித்தபோது ஆட்சி அமைக்க கவர்னர் அழைத்தது பிட்டி தியாகராயரை. முதல் மந்திரி பதவி தனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார், சுப்பராயலு ரெட்டியார் அந்தப் பதவிக்கு வந்தார். தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராகவே இருந்து வேலை பார்த்தார். அதே 1920இல் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டு, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்தது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் வந்தது. கோடிக்கணக்கான பிள்ளைகள் சாப்பிட்டு வளர்ந்த ஒரு திட்டத்தின் தொடக்கம் ஒரு நகர மன்றத்தின் அஜெண்டாவில் இருக்கிறது.

1939இல் சென்னை மேயரான சத்தியமூர்த்தி, ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்துக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்தைக் கையில் எடுத்தார். 1943இல் அவர் இறந்துபோனார், 1944இல்தான் வேலை முடிந்தது, சென்னை இன்னும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவர், 1937இல் மாகாணத்தின் பிரதமர் (முதல்வரை அப்போது அப்படித்தான் சொன்னார்கள்). பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர். மு.க.ஸ்டாலின் 1996இல் சென்னை மேயர், 2006இல் உள்ளாட்சித் துறை அமைச்சர், 2021இல் முதல்வர். இவர்கள் ஒரே கட்சிக்காரர்கள் இல்லை, பல விஷயங்களில் எதிரும் புதிருமாக இருந்தவர்கள். எல்லோருமே தெரு விளக்கும் குடிநீரும் சாக்கடையும் பேசுகிற மன்றத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

நம் மலையிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். எச்.பி.ஆரி கவுடர் சென்னை சட்டசபைக்குப் போனவர். ஆனால் இன்றைக்கும் விவசாயிகள் அவரை நினைப்பது 1935இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக்காக, நாம் என்.சி.எம்.எஸ். என்கிறோமே, அதற்காக. உருளைக்கிழங்கு மூட்டையை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிட்டு, புரோக்கர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்த மக்களுக்கு, ஏலத்தில் நாலு பேர் முன்னால் விலை கேட்கும் நிலை வந்தது. சபையில் பேசியதையும் ஊரில் செய்ததையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அப்புறம் அக்கம்மா தேவி. படுகர் சமூகத்தில் முதல் பெண் பட்டதாரி, 1962இல் நீலகிரியின் எம்.பி. அவருக்குப் பிறகு இத்தனை தேர்தல் ஆகியும் நீலகிரியிலிருந்து இன்னொரு பெண் மக்களவைக்குப் போகவில்லை. பெண்கள் இல்லாமலா? உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது, 2022இல் பாதி வார்டுகளில் பெண்கள் ஜெயித்து வந்தார்கள். நெல்லியாளத்தில் தலைவர் பதவியே பழங்குடிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டது. பாதை திறந்துதான் இருக்கிறது, மேலே ஏற விடுவதில்லை.

இதில் ஒன்றை வீட்டு ஆண்களிடம் நேராகவே சொல்ல வேண்டும். ஜெயித்தது மனைவி, வாசலில் இருக்கும் போர்டில் மனைவி பெயர், ஆனால் கவுன்சிலர் நம்பருக்குப் போன் அடித்தால் எடுப்பது கணவர், ஆபீசுக்குப் போய் இன்ஜினீயரிடம் பேசுவது கணவர், டெண்டர் அன்றைக்கு வெளியே நிற்பது கணவர். இப்படி எத்தனை வார்டு என்று நம் எல்லோருக்கும் தெரியும், சங்கடத்தில் பேசாமல் இருக்கிறோம். அண்ணா, தயவு செய்து அந்தப் போனை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்து வருடம் அவர் நேராகக் கமிஷனரிடம் பேசி, கூட்டத்தில் சண்டை போட்டு, எஸ்டிமேட் படிக்கக் கற்றுக்கொண்டால், அடுத்த ஐந்து வருடத்தில் ஊருக்கு ஒரு நல்ல தலைவர் கிடைப்பார். அவர் கற்க வேண்டியதை நீங்கள் செய்துவிட்டால், பதவிக்காலம் முடியும்போது அவருக்கு மிஞ்சுவது கல்வெட்டில் பெயர் மட்டும்தான்.

மன்றக் கூட்டத்தைப் பார்வையாளராக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நாற்பது ஐம்பது பொருள் அஜெண்டாவில் இருக்கும். ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்குப் பின்னேற்பு, குடிநீர் லாரி வாடகை, மோட்டார் பழுது, தெரு விளக்கு, கடை ஏலம், எல்லாம் வரிசையாக. யாரோ ஒருவர் 'ஆல் பாஸ்' என்பார், மேஜை தட்டும் சத்தம் கேட்கும், முடிந்தது. உதகைக்குப் பார்சன்ஸ்வேலியிலிருந்து வரும் தண்ணீர், குன்னூருக்கு ரேலியா அணைத் தண்ணீர், தீட்டுக்கல்லிலும் ஓட்டுப்பட்டறையிலும் சேரும் குப்பை, கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்குப் போகும் சாக்கடை, இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு மணி நேரம் பேச வேண்டியவை. ஆல் பாஸ் சொல்லும் பழக்கத்தோடு சட்டமன்றத்துக்குப் போகிறவர் அங்கேயும் மேஜை தட்டத்தான் செய்வார், வேறு எதுவும் அவருக்குப் பழகவில்லையே. எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் இதே வேண்டுகோள். வெளிநடப்பு செய்தால் பேப்பரில் படம் வரும், உள்ளே இருந்து 17ஆவது பொருளுக்கு எதிராக எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் மினிட் புத்தகத்தில் காலத்துக்கும் நிற்கும். இரண்டாவதைச் செய்யுங்கள்.

ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறதே, கிராமசபை மாதிரி நகரத்துக்கும் வேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டது. 2022 நவம்பர் 1ஆம் தேதி அப்போதைய முதல்வர் ஸ்டாலினே தாம்பரம் பம்மலில் ஒரு சபையில் உட்கார்ந்து தொடங்கி வைத்தார். அதை ஒழுங்காக நடத்தும் கவுன்சிலருக்கு இதைவிடப் பெரிய பயிற்சி கிடையாது. இருபது பேர் முன்னால் நின்று, இந்த வேலை ஏன் நடக்கவில்லை என்று சாக்குச் சொல்லாமல் பதில் சொல்லப் பழகியவர், நாளைக்கு மந்திரி ஆனாலும் நிருபர் கேள்விக்கு ஓட மாட்டார். ஆள் சேர்த்து, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பும் சபைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, மேலே போகிறவர்கள் எதற்காகப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கவுன்சிலரால் முடியாத விஷயங்கள் இங்கே நிறைய. கூடலூர், பந்தலூர் பக்கம் பிரிவு 17 நிலம் என்றாலே மன்றத்தில் பேச்சு நின்றுவிடும். 1969ஆம் வருட ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய நிலத்தில் பட்டா இல்லை, பல வீடுகளுக்கு மின் இணைப்புக்கே தலைமுறையாக அலைச்சல், இலங்கையிலிருந்து சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்களும் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கூடலூர் நகர்மன்றம் தீர்மானம் போட்டுத் தீர்க்க முடியாது, சட்டமன்றத்தில்தான் தீர வேண்டும். வீடு கட்ட ஹாகா எனும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி, மாஸ்டர் பிளான் விதி, நகராட்சி ஆணையரை நியமிப்பது, மாற்றுவது, எல்லாமே சென்னையில். குன்னூர் தொகுதியில் ஜெயித்த கா.ராமச்சந்திரன் 2021இலிருந்து முதலில் வனத்துறைக்கும் பிறகு சுற்றுலாத் துறைக்கும் அமைச்சராக இருந்தார். மலைக்கு இவற்றைவிட நெருக்கமான துறைகள் இல்லை. அப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வரும்போது, அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்குச் சோதனைச்சாவடியும் குப்பைக் கிடங்கும் காட்டெருமை நுழையும் தெருவும் வார்டு அளவில் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் முடிவெடுக்காததால் யார் முடிவெடுக்கிறார்கள் என்று பாருங்கள். 2024 மே 7 முதல் இங்கேயும் கொடைக்கானலிலும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது உயர் நீதிமன்றம் சொல்லித்தான். 2025 ஏப்ரலிலிருந்து நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்ததும் நீதிமன்றம்தான். அந்த எண்கள் சரியா தப்பா என்பதில் லாட்ஜ்காரருக்கு ஒரு கருத்து, டாக்ஸி ஓட்டுகிற தம்பிக்கு ஒரு கருத்து, ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் நிற்கிற எங்களுக்கு ஒரு கருத்து. இத்தனை பேரையும் உட்கார வைத்துப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது நகர்மன்றத்தின் வேலை, அதைச் சென்னையில் வலியுறுத்துவது எம்.எல்.ஏ.வின் வேலை. இரண்டும் நடக்காதபோது நீதிபதிகள் எண் போட வேண்டியிருக்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூலையிலிருந்து நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். ஐந்து வருடம் முழுக்க வாங்கினாலும் மூன்று லட்சம். ஒரு வார்டுத் தேர்தலில் என்ன செலவாகிறது என்று கட்சி ஆட்களே டீக்கடையில் பேசிக்கொள்வதைக் கேட்டால் இந்த மூன்று லட்சம் எந்த மூலைக்கு? செலவு செய்தவர் அதைத் திரும்ப எடுக்கத்தான் பார்ப்பார், அதை எடுக்கும் இடங்களில் அந்தத் தடுப்புச் சுவரும் ஒன்று. கட்சிப் பொறுப்பாளர்களே, செலவு செய்ய வசதி இருக்கிறதா என்ற கேள்வியை நேர்காணலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் கேள்வி இருக்கும்வரை குச்சி வைத்துக் குழாயைக் குத்திப் பார்க்கிற அக்காவுக்கு உங்கள் வாசலில் இடம் கிடையாது.

அதனால் விருப்ப மனு வாங்கும் நாளில், கட்டண ரசீதோடு இன்னொரு தாளையும் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே கவுன்சிலராக இருந்தவர் என்றால், எத்தனை கூட்டத்துக்கு வந்தார், எந்தப் பொருளில் பேசினார், ஏரியா சபையில் மக்கள் கேட்டதில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று அவர் கையால் எழுதித் தரட்டும், மினிட் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதியவர் என்றால், தன் வார்டில் மழைக்கு முன்னால் பார்க்க வேண்டிய சுவர்கள் எவை, தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று எழுதித் தரட்டும். நகர்மன்றத் தலைவர் பதவிக்கும், சட்டமன்றச் சீட்டுக்கும் பெயர் பரிசீலிக்கும்போதும் இதே தாளை மேஜையில் வையுங்கள். அந்தத் தாளின் ஒரு நகலை வார்டில் ரேஷன் கடைப் பக்கம் ஒட்டுங்கள். எழுதியிருப்பது சரியா என்று நாங்களே பார்த்துச் சொல்கிறோம், தப்பாக இருந்தால் உங்கள் நகர அலுவலகத்துக்கு எழுத்தில் தருகிறோம்.

இப்படிக்கு,
நீலகிரி மாவட்டத்து நகராட்சி வாக்காளர் ஒருவர்